தமிழில் அரியர் வைத்த ஆடிட்டர்

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்னும் ஒரு சந்தேகம் தீரவில்லை. பக்கத்துத் தெருப் பெண் காலேஜில் மூன்றே வருடத்தில் பி.காம் சி.ஏ. முடித்துவிட்டாள், நான் மட்டும் ஏன் அதே சி.ஏ.வுக்கு நாலரை வருடம் எடுத்துக்கொண்டேன் என்று. அந்த சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன், இது ஆடிட்டர் ஆவதற்கான சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி, வேற என்று விளக்கி விளக்கி அலுத்துப்போய் இப்போதெல்லாம் "ஆமாங்க, நான் கொஞ்சம் மக்கு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

சித்தி மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், சி.ஏ.வின் முதல் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதப்போகிறாள். போன வாரம் போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டிகிரியையும் ஆர்ட்டிகிள்ஷிப்பையும் ஒண்ணா ஓட்ட முடியுமாக்கா?" முடியும் என்று சொல்லி போனை வைத்திருக்கலாம். நான் ஓட்டிய லட்சணம் எனக்குத்தானே தெரியும், அதனால் ஒரு மணி நேரம் பேசினேன். அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. 2012இல் பிளஸ் டூ, தமிழ் மீடியம். அந்த ஜூனில் சி.ஏ.வின் அப்போதைய முதல் தேர்வான சி.பி.டி. பாஸ், 2013 மே மாதம் இடைநிலைத் தேர்வான ஐ.பி.சி.சி. இரண்டு குரூப்பும் ஒரே முயற்சியில். ஆகஸ்டில் கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிளாகச் சேர்ந்தேன். தெரியாதவர்களுக்காக: சி.ஏ. ஆக வேண்டுமானால் புத்தகம் மட்டும் போதாது, பிராக்டீஸ் செய்யும் ஒரு ஆடிட்டரிடம் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு அப்போதைய விதிப்படி மூன்று வருடம் பயிற்சி எடுக்க வேண்டும், அதுதான் ஆர்ட்டிகிள்ஷிப். அதற்குக் கொடுப்பது சம்பளம் இல்லை, ஸ்டைபண்ட். எனக்கு முதல் வருடம் மாதம் 2000 ரூபாய். ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் 3500. மீதியை அப்பா அனுப்பினார். டிகிரி இல்லாமலும் சி.ஏ. ஆகலாம். ஆனால் அப்பா ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை, இருபது வருடம் பேரேடு எழுதிய கை, எந்தக் கணக்கிலும் ஒரு பாதுகாப்பு வைத்துக்கொள்வார். "ஆடிட்டர் ஆவலைன்னாலும் கையில ஒரு டிகிரி இருக்கோணும் கண்ணு" என்று 2012லேயே பாரதியார் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வியில் பி.காம் சேர்த்துவிட்டார். ஆக, 2013 ஆகஸ்டிலிருந்து என் தலையில் மூன்று பாரம்: ஆபீஸ், பல்கலைக்கழகம், சி.ஏ. ஃபைனல்.

ஆபீஸ் தேடியபோதே முதல் சோதனை வந்துவிட்டது. நான் பார்த்த முதல் இடத்தில் அந்த ஆடிட்டர் ரொம்ப அன்பாகப் பேசினார். "நீ வரவே வேண்டாம்மா, வீட்டுல உக்காந்து படி. மாசம் ஒருதடவை வந்து கையெழுத்து போட்டுட்டுப் போ, ஸ்டைபண்டு மட்டும் கேக்காத." இதற்கு டம்மி ஆர்ட்டிகிள்ஷிப் என்று பெயர். சி.ஏ. தேர்வை நடத்தும் இன்ஸ்டிடியூட் கண்டுபிடித்தால் பயிற்சிக் காலமே செல்லாமல் போகும், கையெழுத்துப் போட்ட ஆடிட்டர் மேலும் நடவடிக்கை வரும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் கொள்கை காரணம் இல்லை, 2000 ரூபாயும் வராது என்பதுதான் காரணம். என் ஹாஸ்டல் ரூம்மேட் வேறொரு இடத்தில் அப்படிச் சேர்ந்தாள், எனக்கு ஆறு மாதம் முன்னாலேயே ஃபைனல் பாஸ் செய்தாள், இன்றைக்கு என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறாள். நேர்மையாக இருந்தால் முதலில் பாஸ் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே என்று சித்தி மகளிடமும் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் போட்டு, "ஏய், ஸ்டாக் கவுண்ட்டுக்குப் போகச் சொல்றாங்க, அங்க போய் என்னடி பண்ணுவாங்க?" என்று அந்த ரூம்மேட் கேட்ட குரல் மட்டும் மறக்கவில்லை. பயம் இருந்தது அதில்.

இரண்டாவது ஆபீஸ் பெரியது. ஏ.சி., வரிசையாக கேபின்கள். அங்கே வேலை முடித்துப் போகிற ஒரு அண்ணனை வாசல் டீக்கடையில் பிடித்துக் கேட்டேன். ஒரு வருடம் முழுக்க டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) ரிட்டர்ன் மட்டுமே போட்டதாகச் சொன்னார். இன்டர்வியூவில் ஆடிட்டரிடம் கேட்டால் எல்லா வேலையும் கிடைக்கும் என்றுதான் சொல்வார்கள். வெளியே போகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: கடைசி மூன்று மாதத்தில் என்ன வேலை பார்த்தீர்கள், ஃபைனலுக்கு எத்தனை நாள் லீவு விட்டார்கள், பல்கலைக்கழகத் தேர்வுக்குப் போகும்போது ஆடிட்டர் முகம் எப்படி இருந்தது. கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. சி.ஏ. தேர்வென்றால் எல்லா ஆடிட்டரும் தலையாட்டுவார்கள், அவர்களும் எழுதியவர்கள்தானே. பி.காம் தேர்வென்றால் "அதுக்கெல்லாம் லீவா?" என்பார்கள்.

நான் சேர்ந்தது மூன்றாவது ஆபீஸ். காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் மாடி, எட்டு ஆர்ட்டிகிள், ஒரு மேசைக்கு மூன்று நாற்காலி.

சேர்ந்ததும் பேப்பர் வேலை. ஃபார்ம் 103, ஆர்ட்டிகிளாகச் சேர்ந்ததைப் பதிவு செய்வது, முப்பது நாளுக்குள் போக வேண்டும். அதை ஆபீஸே பார்த்துக்கொண்டது. அப்புறம் ஃபார்ம் 112. பயிற்சியின்போது வேறு படிப்புப் படிக்க அனுமதி கேட்கும் விண்ணப்பம். ஆடிட்டர் கையெழுத்து வேண்டும், படிக்கும் இடத்தின் கையெழுத்தும் வேண்டும். நான் ஏற்கெனவே சேர்ந்த படிப்புதானே, இதற்கெதற்கு அனுமதி என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது சீனியர் அண்ணன் ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே "112 போட்டுட்டியா?" என்றார். எனக்கு அது போலீஸ் நம்பரா, பஸ் நம்பரா என்றுகூடத் தெரியவில்லை. மறுநாள் காலையில் மருதமலை ரோட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு கவுண்ட்டரிலிருந்து இன்னொரு கவுண்ட்டருக்கு மத்தியானம் வரை நடந்து கையெழுத்து வாங்கினேன். அன்றைக்கே முதல் லீவு போச்சு. இந்த அனுமதி இல்லாவிட்டால் பின்னால் பயிற்சிக் காலத்தில் கை வைப்பார்கள், கடைசியில் பயிற்சி முடிந்ததைக் காட்டும் ஃபார்ம் 108 போடும் நேரத்தில் பிரச்சினை கிளம்பும். இப்போது ஆன்லைனில் வந்துவிட்டது, நடை மிச்சம். மறதிக்கு மட்டும் ஆன்லைனில் மருந்து இல்லை.

வேலையில் சேர்ந்த முதல் மாதம் எனக்குப் பெரிய தொல்லை மொழி. பள்ளியில் நான் படித்தது பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு. ஐ.பி.சி.சி. எழுத ஆங்கிலமோ இந்தியோதான் வழி என்பதால் ஆங்கிலத்தை மனப்பாடமாக ஏற்றிக்கொண்டு எழுதிவிட்டேன். ஆபீஸில் வாய் திறந்து பேச வேண்டியிருந்தது. ஒரு நாள் ஆடிட்டர் சார் "பார்ட்டிக்கு டெபிட் நோட் போட்டாச்சா?" என்று கேட்டபோது மனசுக்குள் அதைப் பற்று என்று மாற்றி, யார் கணக்கில் பற்று என்று யோசித்து, பதில் சொல்வதற்குள் அவர் அறைக்குள் போய்விட்டார். சனிக்கிழமை ஊருக்குப் போனால் அப்பாவிடம் அந்த வாரம் பார்த்த எல்லா என்ட்ரியையும் தமிழில் சொல்வேன். அவர் பேரேட்டு மொழியில் திருப்பிக் கேட்பார். அப்படித்தான் அந்த மொழிச் சிக்கல் கரைந்தது. தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், பெயர்தான் மாறுகிறது.

இப்போது திருப்பூர் கதை. இதைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் விளங்காது.

2014 மார்ச் 31. ஒரு பனியன் கம்பெனியில் வருடக் கடைசி ஸ்டாக் எண்ணும்போது உடனிருந்து பார்க்க நானும் சீனியர் அண்ணனும் போனோம். ஒன்பது மணிக்கே கோடவுனுக்குள் நுழைந்தால் பஞ்சுத் தூசி மூக்கை அடைக்கிறது. துணி ரோலை ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதினோம். சரக்கு வெளியே போகும்போது போடும் சீட்டான டி.சி.யின் கடைசி நம்பரும் கடைசியாக உள்ளே வந்த சரக்கின் ரசீது நம்பரும் குறித்துக்கொண்டோம், அதற்குப் பெயர் கட்-ஆஃப். கணக்குப் புத்தகத்தில் சாயம் போடாத துணி 11,400 கிலோ. கோடவுனில் இருந்தது 8,900. ஸ்டோர் கீப்பர் பதறவே இல்லை. "மீதி டையிங்ல கெடக்குதுங்க" என்று டி.சி. புத்தகத்தை நீட்டினார். பெருந்துறையில் சாயம் போடும் ஒரு டையிங் யூனிட்டுக்கு 2,500 கிலோ போயிருந்தது. கூட்டினால் அப்படியே 11,400. நான் சந்தோஷமாகப் பேனாவை மூடிவிட்டேன். அண்ணன் மூடவில்லை. "நாளைக்கு நீ பெருந்துறை போய்ட்டு வந்துரு" என்றார்.

மறுநாள் பஸ் ஏறிப் போனேன். டையிங் யூனிட்டில் மேனேஜர் இல்லை, ரெஜிஸ்டர் வைத்திருந்த அக்கா ஒருவர் பக்கம் புரட்டிக் காட்டினார். 2,500 கிலோ வந்தது உண்மை. அதில் 600 கிலோ சாயம் போட்டு மார்ச் 29ஆம் தேதியே திருப்பூருக்குத் திரும்பிப் போய்விட்டது, அதுவும் உண்மை. அப்படியானால் அந்தத் துணி எங்கே? திருப்பூரில் கட்டிங் ஹாலில், மூலையில், நீல நிறத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். முந்தின நாள் என் கையாலேயே அதைச் சாயம் போட்ட துணி என்று எண்ணி எழுதியிருந்தேன். ஒரே துணி, டையிங்கில் இருப்பதாக ஒரு தடவை, கட்டிங்கில் இருப்பதாக ஒரு தடவை. கிலோ 300 ரூபாய் என்றாலும் 1,80,000 ரூபாய்க்கு இல்லாத சரக்கு. திருட்டு இல்லை, உள்ளே வந்த ரசீது போடாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா சாப்பிடும்போது நான் ஒரு பெரிய ஆடிட்டர் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

ஒரு வருடம் கழித்து ஃபைனல் கோச்சிங்கில் ஒரு மாதிரித் தேர்வு. கேள்வி: கம்பெனியின் சரக்கு மூன்றாம் நபரிடம் இருந்தால் ஆடிட்டர் என்ன செய்ய வேண்டும்? எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பெருந்துறையை அப்படியே எழுதினேன், ஒன்றரைப் பக்கம். ஐந்துக்கு ஒன்றரை மார்க். பக்கத்தில் சிவப்பு மையில் "எஸ்.ஏ. எங்கே?" என்று எழுதியிருந்தது. எஸ்.ஏ. என்றால் ஆடிட்டர் பின்பற்ற வேண்டிய தணிக்கைத் தரம். எதிர்பார்த்தது எஸ்.ஏ. 501: மூன்றாம் நபரிடம் உள்ள சரக்கு குறிப்பிடத்தக்க அளவில் இருந்தால், அவரிடமிருந்து எவ்வளவு இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று உறுதிக் கடிதம் வாங்க வேண்டும், அல்லது நேரில் ஆய்வு செய்ய வேண்டும், அல்லது இரண்டும். நான் செய்தது அதுதான். ஆனால் அதற்கு எண்ணும் பெயரும் இருப்பதே எனக்குத் தெரியாமல் செய்திருக்கிறேன்.

ஆபீஸில் ஒழுங்காக வேலை பார்த்தாலே தேர்வுக்கு அது போதும் என்று சீனியர்கள் சொல்வது பாதிப் பொய். வேலை தானாகப் படிப்பாக மாறாது. மாற்றுவதற்குத் தினமும் இருபது நிமிடம் வேண்டும். அந்த மாதிரித் தேர்வுக்குப் பிறகு நான் ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் அன்றைக்கு என்ன வேலை, வலது பக்கம் அது எந்த எஸ்.ஏ., எந்த ஏ.எஸ். (கணக்கியல் தரம்), எந்தச் செக்‌ஷன். கடன்காரர்களுக்குப் பாக்கி உறுதிக் கடிதம் அனுப்பினால் வலது பக்கம் எஸ்.ஏ. 505. ஏப்ரலில் பேங்க் கிளை ஆடிட்டுக்குப் போய் 90 நாள் தவணை கட்டாத கடனை வாராக் கடன் என்று குறித்தால் வலது பக்கம் அந்த விதி, கூடவே பயிர்க்கடனுக்கு மட்டும் நாள் கணக்கு இல்லை, பயிர்ப் பருவக் கணக்கு என்ற குறிப்பு. வலது பக்கம் காலியாக இருந்தால் அன்றைக்கு ராத்திரி புத்தகத்தைத் திறக்க வேண்டியதுதான். இதை முதல் நாளிலிருந்து செய்திருந்தால் எனக்கு ஒரு முயற்சி மிச்சமாகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இன்னொரு குழி இருக்கிறது, அதில் நான் இரண்டு தடவை விழுந்தேன். ஆபீஸில் ஒரு சட்டம், பல்கலைக்கழகப் புத்தகத்தில் ஒரு சட்டம், சி.ஏ. தேர்வில் ஒரு சட்டம். 2014 ஏப்ரலில் புதிய கம்பெனிச் சட்டம் முழு வேகத்தில் வந்துவிட்டது. ஆபீஸில் தேய்மானத்தைப் பழைய சதவீதத்தில் போடாமல், சொத்தின் ஆயுள் எத்தனை வருடம் என்று பார்த்துப் போட ஆரம்பித்தோம். ஒரு பம்ப் செட் கம்பெனியின் சொத்துப் பட்டியலை எக்செல்லில் வரி வரியாக மாற்றியே எனக்கு இரண்டு வாரம் போனது. பி.காம் பாடப் புத்தகத்தில் 1956ஆம் வருடச் சட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வருமான வரி இன்னும் மோசம். 2015 செப்டம்பரில் ஆபீஸில் நாங்கள் போட்டது 2015-16 மதிப்பீட்டு வருடம். நான் எழுதப்போகிற 2016 மே ஃபைனலுக்குப் பொருந்துவது 2016-17. இரண்டுக்கும் நடுவில் வெல்த் டாக்ஸ் என்ற செல்வ வரியையே எடுத்துவிட்டார்கள், மெடிக்ளெய்ம் கழிவு 15,000இலிருந்து 25,000 ஆகிவிட்டது. பகலில் ஒரு பார்ட்டிக்குச் செல்வ வரி ரிட்டர்ன் போட்டுவிட்டு, காலையில் அது இல்லவே இல்லை என்று படிக்க வேண்டும். தலை சுற்றாமல் என்ன செய்யும்! கடைசியில் ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் எந்தத் தேர்வு, எந்தச் சட்டம், எந்த வருடம் என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். சின்ன வேலைதான், ஆனால் அதற்குப் பிறகு குழப்பம் வரவில்லை.

நேரம் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். விதிப்படி வாரம் 35 மணி நேரம். செப்டம்பரில் இதைச் சொன்னால் ஆபீஸில் சிரிப்பார்கள். டாக்ஸ் ஆடிட் கெடு செப்டம்பர் 30. நான் இருந்த காலத்தில் 2014இலும் 2015இலும் கெடுவைத் தள்ளிவைத்தார்கள், அதனால் எங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது என்று நினைக்காதீர்கள், செப்டம்பர் வேலை அக்டோபருக்கும் நீண்டது. முதல் வருடம் செப்டம்பரிலும் படிப்பதாக டைம் டேபிள் போட்டு, ஒரு நாள்கூட முடியாமல், அந்த வெறுப்பிலேயே அக்டோபரையும் வீணாக்கினேன். அடுத்த வருடத்திலிருந்து செப்டம்பர் முழுக்கப் பூஜ்யம் என்று எழுதிவிட்டேன். ஏப்ரல் முதல் இரண்டு வாரம் பேங்க் ஆடிட், அதுவும் பூஜ்யம். மற்ற மாதங்களில் காலை ஐந்திலிருந்து எட்டு. ராத்திரிப் படிப்பு எனக்கு ஒத்துவரவே இல்லை, பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் பத்தரைக்கு ஹாஸ்டல் வார்டன் வந்து லைட்டை அணைத்துவிட்டுப் போவார், நான் புத்தகத்தின் மேல் தூங்கிக்கொண்டிருப்பேன். சிலருக்கு ராத்திரிதான் ஓடும். எதுவாக இருந்தாலும் ஆபீஸ் உங்களைத் தொட முடியாத நேரமாக இருக்க வேண்டும். சாயங்காலம் அப்படிப்பட்ட நேரம் இல்லை. ஐந்தரைக்குக் கிளம்பும்போதுதான் ஒரு பார்ட்டி ஃபைலோடு படியேறி வருவார்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். 2013 மே மாதம் ஐ.பி.சி.சி.யும் பி.காம் முதல் வருடத் தேர்வும் மோதிக்கொண்டதால் பி.காமை டிசம்பருக்குத் தள்ளினேன். டிசம்பரில் மற்ற பேப்பருக்கெல்லாம் ஆபீஸிலிருந்து வந்து கஷ்டப்பட்டுப் படித்தேன். முதல் பேப்பர் தமிழ். தமிழ்தானே, பன்னிரண்டு வருடம் படித்தது, போய் எழுதிக்கொள்ளலாம் என்று புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை. வினாத்தாளில் யாப்பு கேட்டிருந்தார்கள், இலக்கிய வரலாறு கேட்டிருந்தார்கள், நான் பெயர்களை மாற்றி மாற்றி எழுதினேன். ரிசல்ட் வந்தது. கணக்கியல் பாஸ், வணிகச் சட்டம் பாஸ், தமிழ் மூன்று மார்க்கில் அரியர். ஆபீஸில் ஒரு மாதம் என்னை "செம்மொழி" என்று கூப்பிட்டார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "லேசுன்னு நெனச்ச கணக்குலதான் பைசா ஒதைக்கும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார்.

ஆர்ட்டிகிள்ஷிப்போடு டிகிரி படிக்கிறவர்களில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். சி.ஏ.வோடு ஒப்பிட்டால் பி.காம் சுலபம், அது உண்மை. காஸ்டிங், கணக்கியல், வரி எல்லாம் ஏற்கெனவே படித்ததில் அடங்கிவிடும், அவற்றுக்கு இரண்டு நாள் போதும். ஆனால் சி.ஏ.வில் இல்லாத பேப்பர் இரண்டு மூன்று இருக்கும். மொழிப் பாடம், மார்க்கெட்டிங் மாதிரி. பட்டியல் கையில் வந்த அன்றே அவற்றைப் பிரித்து எடுத்து, படிக்கிற நேரத்தையெல்லாம் அவற்றுக்கே கொடுங்கள். 2014 மேயில் தமிழை எழுதி முடித்தேன். இரண்டாம் தடவை உட்கார்ந்து படித்தபோது பிடித்தும் போனது, அது வேறு விஷயம்.

லீவு. இதுதான் உண்மையான நாணயம். மூன்று வருடத்தில் எங்களுக்கு 156 நாள் கிடைக்கும், அதற்கு மேல் எடுத்தால் பயிற்சிக் காலம் அத்தனை நாள் நீளும். ஃபைனலை கடைசி ஆறு மாதத்தில் எழுதலாம் என்பதால் எல்லோரும் கடைசியில் மூன்று மாதமாவது சேர்த்து வைக்கப் பார்ப்பார்கள். என் நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்த கணக்கு இன்னும் இருக்கிறது. பல்கலைக்கழகத் தேர்வும் நேரடி வகுப்பும் 22, அம்மை போட்டது 14, வீட்டு விசேஷமும் துக்கமும் 9, அப்புறம் "சும்மா" என்று எழுதிய 11. மீதி 100. அந்த 11 நாளில் என்ன செய்தேன் என்று யோசித்தால் ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை. அம்மைக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. சும்மாவுக்குச் செய்யலாம்.

2016 மே மாதம் இரண்டு குரூப்பும் எழுதினேன். முதல் குரூப் பாஸ். இரண்டாவது குரூப் 400க்கு 178, பாஸாக 200 வேண்டும், ஒவ்வொரு பேப்பரிலும் 40 வேண்டும். காலை வாரியது ஐஸ்கா என்று நாங்கள் சொல்லும் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் பேப்பர், 36. ஆபீஸில் மூன்று வருடத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்க்காத விஷயம் அது ஒன்றுதான், அதனால் நோட்டின் இடது பக்கத்தில் அது வரவே இல்லை. இடது பக்கத்தில் வராத பாடம் எது என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். நேரடி வரியில் 61 வந்ததால் அந்தப் பேப்பருக்கு விலக்கு கிடைத்தது, 60ஓ அதற்கு மேலோ எடுத்தால் அடுத்த மூன்று முயற்சிக்கு அதை எழுத வேண்டாம். ஆகஸ்டில் பயிற்சி முடிந்து ஃபார்ம் 108 கையெழுத்தானது. வீட்டுக்குப் போய் ஐஸ்காவோடு உட்கார்ந்தேன்.

சித்தி மகளுக்கு விதிகள் மாறிவிட்டன. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டப்படி ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டே வருடம், அது முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல், பேப்பரும் எட்டிலிருந்து ஆறாகக் குறைந்துவிட்டது. வேலை பார்த்துக்கொண்டே ஃபைனல் எழுதும் அவஸ்தை அவளுக்கு இல்லை. ஆனால் லீவு வருடத்துக்கு 12 நாள்தான். நான் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 22 எடுத்தேன், அவளுக்கு மொத்தமே 24. அதனால் அவளுக்கு என் யோசனை வேறு: ஆர்ட்டிகிளாகச் சேரும் முன்னாலேயே, இடைநிலைத் தேர்வான இன்டருக்குப் படிக்கும்போதே, பி.காமின் முதல் வருடத்தை ஒரு பேப்பர் பாக்கியில்லாமல் முடித்துவிடு. வேலை தொடங்கிய பிறகு அரியர் இருந்தால் ஒவ்வொரு அரியரும் ஒரு லீவு. ரெகுலர் காலேஜா, தொலைதூரக் கல்வியா என்று கேட்டாள். காலேஜ் நேரமும் ஆபீஸ் நேரமும் மோதக்கூடாது என்பது விதி, மோதினால் அனுமதி கிடைக்காது, கிடைத்ததாகக் காட்டிக்கொண்டு இரண்டு இடத்திலும் வருகைப் பதிவேட்டில் இருந்தால் மாட்டிக்கொள்வாய். தொலைதூரமே மேல் என்றேன். காலேஜ் ஃபேர்வெல், கல்ச்சுரல்ஸ் எல்லாம் போகுமே அக்கா என்றாள். போகும். எனக்கும் போனது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

நவம்பரில் இரண்டாவது குரூப்பை மறுபடி எழுதினேன். அந்தத் தேர்வுகளை ஒட்டித்தான் நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். தேர்வுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர் என் 500ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார், பக்கத்து சீட்டில் இருந்த பாட்டி சுருக்குப் பையிலிருந்து டிக்கெட் காசு கொடுத்தார். ரிசல்ட் 2017 ஜனவரியில், ஜல்லிக்கட்டுப் போராட்டம் தொடங்கிய வாரம். ஆபீஸில் பாதிப் பேர் வ.உ.சி. மைதானத்தில் இருந்தார்கள், அங்கிருந்து சீனியர் அண்ணன் போன் பண்ணி நம்பரைக் கேட்டார், பின்னால் பறைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நானே பார்த்தேன். பாஸ்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். மில்லில் நெல் வண்டி இறங்கிக்கொண்டிருந்தது போல. இரண்டு குரூப்பும் முடிந்ததா என்று இரண்டு தடவை கேட்டார். முடிந்தது என்றேன்.

"அந்தத் தமிழு?"

"அது அப்பவே முடிஞ்சுதுங்கப்பா."

"அப்பச் சரி" என்று வைத்துவிட்டார், வண்டிக்கு எடை போட வேண்டியிருந்தது.